மடிக்கணினி நம் கையில், மூலம் யார் கையில்?

இந்த மார்கழி விடுமுறையில் திருச்சிக்காரர்கள் அதிகம் பேசிய செய்திகள் இரண்டு. டிசம்பர் 30 அன்று திருவரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்தது. ஆறு நாள் கழித்து, ஜனவரி 5 அன்று, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தை முதலமைச்சர் சென்னையில் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 10 லட்சம் பேருக்கு என்கிறது அரசு. அரசுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை உள்ள எந்தச் சேரிக்குப் போனாலும் இப்போது இதுதான் பேச்சு. "எங்க காலேஜுக்கு எப்போ வரும்? டெல்லா, ஏசரா, ஹெச்பியா?"

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றும் செய்தி வந்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு, விண்டோஸ் 11, எம்எஸ் ஆபீஸ், ஆறு மாதத்துக்கு பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுச் சேவையின் கட்டணச் சந்தா. கூடவே பாஸ் லினக்ஸ். ரீல்ஸ் போட்டவர்கள் எல்லாரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் போட்டார்கள். பாஸ் லினக்ஸுக்குப் பட்டியலில் ஒரு சொல் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"டிசம்பர் மாதத்தில் எழுத வேறு எதுவும் இல்லையா?" என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். 1968இல் அதே டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டி விவகாரம் வெளியே வந்ததும் 2022 டிசம்பர் 26. ஊர் முழுக்க விடுமுறைக் கொண்டாட்டத்தில் இருக்கும்போது நமக்கு இது நினைவேந்தல் காலம். ஆனால் அண்ணல் கொளுத்தியது ஒரு நூல் என்பதை மறக்க வேண்டாம். யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்று எழுதி வைத்த நூல். இன்றைக்கு உலகத்தை ஓட்டிக்கொண்டிருப்பதும் ஒரு வகை எழுத்துதான். அதை நிரல் என்கிறார்கள். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. அதனால் இது நம் பக்கத்தில் எழுத வேண்டிய விஷயம்தான்.

விடுமுறை யாருக்கு?

கணினி உலகத்துக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற பைத்தான் மொழி, 1989 கிறிஸ்துமஸ் வாரத்தில் தொடங்கியது. நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராசம் அந்த வாரம் அலுவலகம் மூடியிருந்ததால், வீட்டில் கணினி இருந்ததால், பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தார். ரூபி என்ற இன்னொரு மொழியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வெளியாவது வழக்கம். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் முதல் 386 கணினியை வாங்கியது 1991 ஜனவரி 5. ஆமாம், நம் மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அதே தேதி, சரியாக 35 ஆண்டுகளுக்கு முன்பு. கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பணத்தையும் மாணவர் கடனையும் சேர்த்து வாங்கினார். அந்த ஆண்டே லினக்ஸ் வெளியே வந்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களும், ஆண்ட்ராய்டு கைபேசிகள் அத்தனையும் லினக்ஸ் கருவை வைத்துத்தான் ஓடுகின்றன.

இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் திறமையைப் பற்றிச் சொல்வார்கள். திறமை இருந்தது, மறுக்கவில்லை. வேறு சிலவும் இருந்தன. டோர்வால்ட்ஸின் தாய்வழித் தாத்தா ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். அவர் வைத்திருந்த கணினியில்தான் சிறுவன் லினஸ் முதலில் விரல் வைத்தான். பெற்றோர் பத்திரிகையாளர்கள். சமூகவியலில் பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார். நம் ஊர் மொழியில் சொன்னால், மூன்று தலைமுறையாக வீட்டில் புத்தகம் இருப்பது. ஐஐடி சென்னையை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' சொல்வதும் இதுதான். சாதி தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கொடுத்த வசதி, ஒரு கட்டத்தில் 'தகுதி' என்று பெயரை மாற்றிக்கொள்கிறது.

இப்போது இதே விடுமுறை வாரத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். பகல்பத்து, இராப்பத்து என்று திருவரங்கம் நிரம்பி வழியும் நாட்களில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு வேலை இரட்டிப்பு. அம்மா அதிகாலையில் துடைப்பத்தோடு போனால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்ப்பது கல்லூரி போகும் அக்காவின் பொறுப்பு. பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். பொங்கல் வியாபாரத்துக்கு என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஆள் எடுப்பார்கள். காந்தி மார்க்கெட்டில் இரவு லோடு இறக்க ஆள் வேண்டும். அடுத்த செமஸ்டர் கட்டணம் பாதி அந்தச் சம்பளத்தில்தான் வரும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் விடுதி பூட்டிவிடும். அங்கே ஒரு கணினி இருந்தாலும் அதுவும் உள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. இந்தியாவில் கணினி உள்ள வீடுகள் நகரத்தில் 23.4 சதவீதம், கிராமத்தில் 4.4 சதவீதம் என்று அது சொன்னது. கிராமம் என்பதற்குள்ளும் ஊர் என்றும் சேரி என்றும் இருக்கிறது. அந்த 4.4இல் நம் பங்கு என்னவாக இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மடிக்கணினி கொடுப்பதை 'இலவசம்' என்று கேலி செய்பவர்களோடு நான் நிற்க மாட்டேன். ஒரு வீட்டில் தாத்தாவின் கணினி இருந்தது. இன்னொரு வீட்டுக்கு அரசு கொடுத்தது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முதலாவதைப் 'பாரம்பரியம்' என்றும் இரண்டாவதை 'ஓசி' என்றும் சொல்வதில்தான் சாதி இருக்கிறது. தேர்தல் வருகிற நேரத்தில் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். கொடுக்கட்டும். வாங்கிய பிறகு அதை என்ன செய்யப் போகிறோம் என்பது நம் கேள்வி.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விலையில்லாததையும் விடுதலையையும் சேர்த்துச் சொல்லி அவர்கள் பல ஆண்டுகளாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவச மென்பொருள் வேறு, கட்டற்ற மென்பொருள் வேறு.

ஆறு மாதத்துக்குச் சந்தா கேட்காத செயற்கை நுண்ணறிவு இலவசம். ஏழாவது மாதம் கட்டணம் கேட்கும், அல்லது வசதியைக் குறைக்கும். அதற்குள் பிள்ளைக்குப் பழக்கம் வந்திருக்கும். விண்டோஸ் நமக்கு விலையில்லாமல் வருகிறது, ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க நமக்கு உரிமை கிடையாது. எப்போது அது பழசாகிறது என்று தீர்மானிப்பதும் நாம் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் அன்றிலிருந்து 'பழைய சாமான்'. கணினிக் கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார்.

கட்டற்ற மென்பொருள் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனு திட்டத்திலிருந்து வருகிற கருத்து. அதற்கு நான்கு உரிமைகள் உண்டு. எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். உள்ளே இருக்கும் மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நாம் மாற்றியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கையும் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். படிக்கக் கூடாது, கேட்டாலே தண்டனை, தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லக் கூடாது என்று இரண்டாயிரம் வருடம் தடுக்கப்பட்ட மக்களுக்கு இது புதிய கோரிக்கையா? நம் தாத்தாக்கள் வேறு இடத்தில் கேட்டது இதைத்தான்.

'மூலம்' என்ற சொல்லைத் திருவரங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூலவர் இருக்கும் இடம் மூலஸ்தானம். 1947 கோயில் நுழைவுச் சட்டப்படி கோயில் கதவு நமக்கும் திறந்துதான் இருக்கிறது. வரிசையில் நின்று தூரத்திலிருந்து பார்க்கலாம். மூலத்தின் பக்கத்தில் போகலாமா, தொடலாமா என்று கேட்டால் அங்கே ஆகமம் வந்து நிற்கும். மென்பொருளிலும் இதே ஏற்பாடுதான். பயன்படுத்துகிறவன் கூட்டம் வெளியே. மூல நிரலைத் தொடுகிறவன் உள்ளே. நம் பிள்ளைகளைத் திறமையான பயனாளர்களாக ஆக்குவதோடு நிறுத்திக்கொண்டால், அது வரிசையில் நிற்க வைத்து அனுப்புகிற வேலை.

நாம் மறந்துபோன ஒரு பெயர்

தமிழ்நாட்டு அரசுக்குள் லினக்ஸைக் கொண்டுவந்தவர் யார் என்று நம் தோழர்களிடம் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 1999 முதல் 2001 வரை திருவாரூர் ஆட்சியராக இருந்து, ஆட்சியர் அலுவலகத்தையும் நிலப் பதிவேடுகளையும் கணினிமயமாக்கி நாட்டுக்கே முன்மாதிரி காட்டியவர். நிலமில்லாத மக்களின் வரலாறு எழுதப்பட்ட அதே கீழத்தஞ்சை மண்ணில் அது நடந்தது. பிறகு எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக வந்தபோது நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கும்போதும் லினக்ஸோடு வாங்க வைத்தார். ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுவதை விட்டு, அந்தப் பணத்தில் கூடுதலாகக் கணினி வாங்கலாம் என்ற எளிய கணக்கு அதில் இருந்தது.

நமக்கு அவரைத் தெரிந்தது வேறு காரணத்தால். 2010 ஜூலையில் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். பட்டியல் சாதிச் சான்றிதழ் பொய்யானது என்பது குற்றச்சாட்டு. தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்கால மதப் பிரச்சாரத்தில் எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்ல வருவது இது: அவருடைய சான்றிதழுக்காக நாம் போராடினோம், சரி. அவர் செய்த வேலை என்ன, அதை யார் தொடர்வது என்று நாம் கேட்கவே இல்லை. ஒரு தலித் அதிகாரியை அவருடைய சாதிச் சான்றிதழாக மட்டுமே நினைவில் வைப்பது எதிரி செய்கிற வேலை. அதை நாமும் செய்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தது திருவரங்கத்தோடு தொடர்புள்ள கதை. 2011இல் திருவரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அவற்றிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. பாஸ் என்பது நடுவண் அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழ் உட்பட இந்திய மொழிகள் அதில் உண்டு. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது அரசு அலுவலகங்களே பாஸுக்கு மாற வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது.

என்ன ஆயிற்று? வேலை நிமித்தமாக நான் போன வீடுகளில் பார்த்ததைச் சொல்கிறேன். லால்குடிப் பக்கம், மண்ணச்சநல்லூர்ப் பக்கம், துவாக்குடிப் பக்கம், எங்கும் ஒரே கதை. மடிக்கணினி வந்த முதல் வாரமே அக்கம்பக்கத்துக் கடையில் கொடுத்து லினக்ஸை அழித்துவிட்டு முழுக்க விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். "அதுல படம் ஓடலக்கா, சார்களுக்கும் தெரியல" என்றாள் ஒரு தங்கை. அவள் சொன்ன இரண்டாவது பாதிதான் முக்கியம். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. பாடத்தில் இல்லை. தேர்வில் இல்லை. பெட்டிக்குள் திறந்த கதவு ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டு, அங்கே ஒரு கதவு இருப்பதை யாரிடமும் சொல்லாமல் விட்டார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் அப்படி விடவில்லை. அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப் புத்தகத்தையே அதை வைத்து எழுதினார்கள். பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வை அதில் நடத்தினார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளிதோறும் மாணவர் மன்றங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு முகாம்கள் நடக்கின்றன. கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தேர்வில் வைத்தால் பாடம் நடத்துவார்கள் என்ற சின்ன உண்மையைச் சொல்கிறேன்.

திறந்த மூலக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

அரசை மட்டும் கேட்டால் போதாது. கட்டற்ற மென்பொருள் பேசும் நண்பர்களிடமும் சில கேள்விகள் உண்டு. "எங்களிடம் சாதி இல்லை, நிரலை மட்டும்தான் பார்ப்போம்" என்று அவர்கள் சொல்வார்கள். எழுதியவர் யார் என்று பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பது கேட்க அழகாக இருக்கிறது. எழுதிப் பழகும் அளவுக்கு ஓய்வு நேரம் யாருக்குக் கிடைத்தது என்று ஏன் பார்ப்பதில்லை? திறந்த மூலத்தின் பெரும்பகுதி சம்பளமில்லாத உழைப்பில் கட்டப்பட்டது. சம்பளமில்லாமல் உழைப்பது வயிறு நிறைந்தவருக்குத் தொண்டு. நமக்கு அது வெட்டி வேலை என்ற பெயரில் பல நூற்றாண்டாகப் பழக்கமானது. கேட்டரிங் வேலையை விட்டுவிட்டு வந்து இலவசமாக நிரல் எழுது, பிறகு உன் பெயருக்கு மதிப்பு வரும் என்று நம் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சாதி அமெரிக்காவரைக்கும் போய்விட்டது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிபோர்னியா அரசுத் துறையே 2020 ஜூனில் வழக்குப் போட்டது. உயர்சாதி மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023இல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் தொழில்நுட்ப உலகத்தில் சாதி என்ற சொல்லை முதல் தடவையாக நீதிமன்றத்தில் உரக்கச் சொன்ன வழக்கு அதுதான். திறந்த மூலத் திட்டங்கள் பல பின்பற்றும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற நடத்தை விதியின் 2.1ஆம் பதிப்பில் இனம், மதம், பாலினம் ஆகியவற்றோடு சாதியும் சேர்ந்தது. லினக்ஸ் கருவின் நடத்தை விதி 2018இல் வந்தது. அது 1.4ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, அந்தப் பதிப்பில் சாதி என்ற சொல் இல்லை. சின்ன விஷயம் என்று தோன்றலாம். சட்டத்தில் ஒரு சொல் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று வன்கொடுமை வழக்கு நடத்திய யாரையாவது கேளுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. பாகுபாட்டைச் சந்திப்பவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் சேர்த்து 7,000 டாலர் உதவித்தொகையும் கொடுக்கும் 'அவுட்ரீச்சி' என்ற பயிற்சித் திட்டம் உண்டு. அதன் ஒரு சுற்று வழக்கமாக டிசம்பரில்தான் தொடங்கும். உழைப்புக்குக் கூலி கொடுத்தால் ஏழைப் பிள்ளையும் வரும் என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள். திருச்சியில் எத்தனை கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்?

நம் பக்கத்து முயற்சிகளும் உண்டு. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துத் தோழர்கள் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' தொடங்கினார்கள். பழைய கணினிகள், லினக்ஸ், அண்ணலின் பெயர். அங்கே படித்த பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குத் தமிழில், கட்டணமில்லாமல் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் விழுப்புரத்தில் நடக்கிறது என்றால், என்ஐடியும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் நவல்பட்டு எல்காட் பூங்காவும் இருக்கிற திருச்சியில் ஏன் நடக்கக் கூடாது?

நாம் கேட்க வேண்டியவை

வாழ்த்தி முடித்துவிட்டுப் போவதற்கு இதை எழுதவில்லை. திருச்சியிலிருந்து தொடங்கக்கூடிய கோரிக்கைகள் இவை.

ஒன்று, ஆதிதிராவிடர் விடுதிகள் உட்பட அரசு விடுதிகள் எல்லாம் 2025 ஜூலை முதல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாறியுள்ளன. பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு கணினி அறையும் இணைய வசதியும் வேண்டும். அரையாண்டு, பொங்கல், கோடை விடுமுறைகளில் அந்த அறை மட்டுமாவது திறந்திருக்க வேண்டும். விடுமுறைதான் கற்க ஏற்ற காலம் என்பது பைத்தான் கதையிலேயே தெரிகிறது.

இரண்டு, மடிக்கணினியோடு ஒரு கையேடு வேண்டும், தமிழில். பாஸ் என்றால் என்ன, எப்படி நுழைவது, தமிழ்99 விசைப்பலகையை எப்படி அமைப்பது, லிபர் ஆபீஸில் எப்படி எழுதுவது. இருபது பக்கம் போதும். கூடவே கிவிக்ஸ் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை இணையமில்லாமலே படிக்கும்படி ஏற்றிக் கொடுக்கலாம். டேட்டா தீர்ந்தாலும் படிப்பு நிற்காது.

மூன்று, 'நான் முதல்வன்' திட்டத்தில் பெரிய நிறுவனங்களின் பாடங்கள் இருக்கின்றன. கட்டற்ற மென்பொருளில் பங்களிப்பது எப்படி என்ற பாடமும் வேண்டும், அதற்கு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அதில் செலவிடும் நேரத்துக்கு உதவித்தொகை வேண்டும்.

நான்கு, திருச்சியில் கட்டிக்கொண்டிருக்கிற காமராஜர் நூலகத்தில், நூல்களுக்கு இடம் ஒதுக்குவது போலக் கட்டற்ற மென்பொருள் கூடம் ஒன்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அடையாள அட்டை கேட்காமல், ஆங்கிலம் கேட்காமல், யாரும் வந்து உட்காரும் கூடமாக அது இருக்க வேண்டும்.

ஐந்தாவது நமக்கு. 2011க்கும் 2020க்கும் இடையில் கிடைத்த மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், விண்டோஸ் தூங்கி வழியும். லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் போட்டால் அவற்றில் பல எழுந்து உட்காரும். நம் இரவுப் பாடசாலைகள் தெருவுக்கு ஐந்து பழைய மடிக்கணினி சேகரித்தாலே ஒரு சிறு ஆய்வகம் கிடைத்துவிடும். அம்பேத்கர் மன்றங்கள் ஏப்ரல் 14க்குச் செலவழிக்கும் ஃப்ளெக்ஸ் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இதில் மிகைப்படுத்த விரும்பவில்லை. லினக்ஸ் போட்டால் சாதி ஒழியாது. மூல நிரல் தெரிந்தவன் வீட்டுக்கு நாளைக்கே ஊர்த்தெருவில் வாடகைக்கு வீடு கிடைத்துவிடாது. நிலமும், ஊதியமும், உயிர்ப் பாதுகாப்பும் நம் முதல் கோரிக்கைகளாகவே இருக்கும். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான வேலை, கல்வி, அரசு நிர்வாகம், ஏன் நம் சாதிச் சான்றிதழ்கூட, மென்பொருளுக்குள்தான் இருக்கப் போகிறது. அதை எழுதுகிற அறையில் நம் ஆட்கள் இல்லையென்றால், நமக்காக எழுதுகிறவர்கள் யார் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

மடிக்கணினி வாங்கிய தம்பி தங்கைகளுக்கு: இந்தப் பொங்கல் விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடையில் கொடுத்து அழிக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பாஸ் லினக்ஸுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். புரியவில்லை என்றால் உங்கள் கல்லூரி ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், அதை எழுதிக் கொடுத்து முதல்வரிடம் பயிற்சி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஜெய்பீம்.